பன்னிரண்டு மாத நாற்றம்

குளிர்நாட்டு நீர்நாயின் எச்சம் மல்லிகைத் தேநீர் போல மணக்கும் என்று, நான் ஆய்வு தொடங்கிய புதிதில் யாரோ சொன்னார்கள். சொன்னவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நிபோங் திபால் பக்கத்து ஆற்றங்கரைக்கு அவரைக் கூட்டிப் போய், மதகுத் திட்டின் மேல் குப்புறப் படுக்கவைத்து, எங்கே ஐயா மல்லிகை, காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். மூன்று நாள் வெயிலில் கிடந்த மீன் கூடையில் அழுகிய முட்டையை உடைத்து ஊற்றி, மேலே பெலாச்சான் என்கிற இறால் விழுதைத் தேய்த்தால் என்ன வருமோ, அதுதான் அங்கே வரும். முதல் நாள் நான் அந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். வாந்தி பட்டு, ஆய்வுக்கு எடுக்க வந்த எச்சம் கெட்டுப்போயிற்றே என்று குனிந்து பார்த்தேன். இரண்டாவது தடவையும் எடுத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நாங்கள் குடியிருந்த தீவில் ஒரு சின்ன தனியார் கல்லூரியில் வனவிலங்கு ஆய்வில் முதுகலை செய்துகொண்டிருந்தேன். வனவிலங்கு என்றதும் எல்லோருக்கும் ஆப்பிரிக்காவும் திறந்த ஜீப்பும் சிங்கமும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். என்னோடு படித்த ஒருத்தி உண்மையிலேயே ஆப்பிரிக்காவுக்குப் போனாள். தூரத்தில் யானை நிற்க, முகத்தில் மாலை வெயில் பட, வாரம் ஒரு படம் அனுப்புவாள். எனக்குக் கிடைத்தது ஏழு நீர்நாய்களின் கக்கூஸ்.

கக்கூஸ் என்று கோபத்தில் சொல்லவில்லை. அந்த நீர்நாய்களின் பழக்கம் அப்படி. எவ்வளவு நீளமான ஆறாக இருந்தாலும் குடும்பமாக ஒரே இடத்துக்கு வந்துதான் போகும். போய்விட்டுச் சும்மா இறங்காது. பின்னங்காலால் மிதித்து, தேய்த்து, வாலால் பூசி, ஒன்றிரண்டு அதன் மேலேயே புரண்டு, ஆனந்தமாக ஆற்றில் குதிக்கும். ஓர் இறால் பண்ணைக்கும் ஆற்றுக்கும் நடுவே தண்ணீரைத் திறந்து மூடும் மதகு ஒன்று இருந்தது. அந்த மதகின் சிமெண்டுத் திட்டுதான் அவை பிடித்துவைத்திருந்த இடம். ஆகவே எனக்குக் கட்டி கட்டியாக எடுத்துப் பையில் போடும் பாக்கியம் கிடையாது. மண்டியிட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் கெலுகோர் வீட்டில் மோட்டோவைக் கிளப்பினால், பாலம் தாண்டி, பிறை ஊரில் தொழிற்சாலை லாரிகளின் புகையைக் குடித்து, தெற்கே திரும்பி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மண்பாதையில் குதித்து குதித்து மதகுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டி, பையில் போட்டு, தேதியும் எண்ணும் எழுதுவேன். திட்டைச் சுற்றி நீர்நாய் போட்டதைவிட மனிதன் போட்டது அதிகம். நாப்கின், கோழிக் குடல் கட்டிய பிளாஸ்டிக் பை, பாதி தின்ற நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். அள்ளிக்கொண்டு வந்து ஆற்றில் வீசுகிறவர்களுக்குக் கை கூசாதா? எச்சம் பொறுக்குகிற என்னைப் பார்த்து அவர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

ஒரு தடவை, நன்றாக ஊறவைத்து, சல்லடையில் போட்டுக் கழுவி, நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தால் மிளகாய் விதை. ஒன்றிரண்டு அல்ல, சல்லடை முழுக்க. நீர்நாய் மிளகாய் தின்னாது. அதிகாலையில் தூண்டில் போட வந்த எவனோ ஒருவன் அந்தத் திட்டைத் தானும் பயன்படுத்தியிருக்கிறான். அதை நான் கையுறை கிழிந்த விரலால் பிசைந்து பிசைந்து கழுவியிருக்கிறேன். அன்று கல்லூரிக் கழிப்பறையில் முழங்கை சிவக்கச் சோப்புப் போட்டேன். மூன்று நாள் கையால் சாப்பிட முடியவில்லை, கரண்டியால்தான் சாப்பிட்டேன்.

இத்தனை அசிங்கத்தையும் நான் சகித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இறால் பண்ணைக்காரர் தமிழர், ஐம்பது வயதுக்காரர். நீர்நாய்கள் தன் குளத்து இறாலை அள்ளித் தின்கின்றன என்று அவருக்குக் கடுமையான ஆத்திரம். விஷம் தடவிய மீனைத் திட்டில் வைத்தால் ஒரே நாளில் தொல்லை தீர்ந்தது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் முதலில் போய் நின்றபோது அவர் ஒரு பேச்சுப் பேசினார்.

"தங்கச்சி, நீ படிச்ச பிள்ள. உனக்காக ஒரு வருஷம் பொறுத்துக்கிறேன் லா. அதுங்க வயித்துல என்ன போகுதுன்னு நீ எனக்குக் காட்டு. பன்னெண்டு மாசமும் காட்டணும், ஒரு மாசம் ஓட்டை இருக்கக் கூடாது. முக்கியமா அக்டோபரு. அப்பதான் என் குளம் நெறஞ்சு நிக்கும். நவம்பர் மொதல் வாரத்துல எறா அள்ளிருவேன், அப்புறம் அதுங்க தின்ன என்ன இருக்கு?"

"காட்டலைன்னா, அண்ணே?"

"காட்டலைன்னா மீன் வெப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஏழு நீர்நாய், அதில் இரண்டு குட்டி. அவற்றின் உயிர் என் கையில் இருந்த நாற்றம் பிடித்த பைகளில் இருந்தது. ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஒரு மாதம்கூட விடாமல் எடுத்துவிட்டேன். செதில், மீன் முள், ஆற்று நண்டின் ஓடு. குளத்து இறால் இருக்கத்தான் செய்தது, ஆனால் கொஞ்சம்தான். அக்டோபர்தான் பாக்கி.

கழுவுகிற வேலையை வீட்டில்தான் செய்தேன். ஆய்வுக்கூடத்தில் செய்தபோது பக்கத்து அறையில் பாசி வளர்த்தவர்கள் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்கள். பாசி வளர்க்கிறவர்களுக்கு நாற்றத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஆகவே கெலுகோரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் குழாயடியில், சின்னச் சின்ன டப்பாக்களில் எச்சம் சோப்புத் தண்ணீரில் ஊறும். மாதம் முடிந்ததும் மொத்தமாகக் கழுவுவேன். அம்மா இறந்து ஆறு வருடமாகியிருந்தது. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவர் இருபத்தெட்டு வருடம் மலக்குழி உறிஞ்சும் லாரியில் வேலை செய்தவர். வேலை விட்டு வந்தால் வாசலுக்குக்கூட வரமாட்டார். பின்பக்கமாகவே வந்து, அந்தக் குழாயடியில் கிருமிநாசினி ஊற்றிக் குளித்து, சட்டை மாற்றி, தன் கையைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் என்னைத் தூக்குவார். பள்ளிக்கூடப் பாரத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் 'டிரைவர்' என்று எழுதுவேன். அவர் லாரி ஓட்டியதே இல்லை, குழாய் பிடித்தவர். எழுதியதை அவர் பார்த்தும் ஒன்றும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு, அதே குழாயடிக்கு, நான் பை பையாக எச்சம் கொண்டுவந்தேன்.

"நான் அடுத்தவன் பீயில நின்னது எதுக்குமா? நீ ஏர்கான்ல உக்காரணும்னுதான். நீ என்னடான்னா, மோட்டோவுக்கு எண்ண ஊத்திக்கிட்டுத் தேடிப் போய் அள்ளிட்டு வர்றே. வேற படிப்பே கெடைக்கலையா ஒனக்கு?"

"இது ஆராய்ச்சிப்பா."

"என்ன கருமமோ. எனக்குக் கொமட்டுது."

இருபத்தெட்டு வருடம் குமட்டாதவருக்கு என் டப்பாக்களைப் பார்த்தால் குமட்டியது. பின்கதவைச் சாத்தி, இடுக்கில் பழைய துண்டைத் திணித்து, தட்டை எடுத்துக்கொண்டு முன்கூடத்தில் போய்ச் சாப்பிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு விளக்கமும் நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. நீர்நாய், விஷம், பண்ணைக்காரர் எதுவுமே அவருக்குத் தெரியாது. இவருக்கு என்ன புரியப்போகிறது என்கிற திமிர், வேறென்ன.

அக்டோபர் ஜெபமாலை மாதம். எங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் மாதா சிலையான சுரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போகும். சாயங்காலம் சுற்று வீட்டுக்காரர்கள் எல்லோரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். சுரூபம் ஒரு நாள் அங்கேயே தங்கும். எங்கள் முறை அந்த வருடம் கடைசி நாள், முப்பத்தொன்றாம் தேதி. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

அன்று ஆறு மணிக்குக் கல்லூரியிலிருந்து வந்தேன். வீடு பளிச்சென்று இருந்தது. கூடத்தில் வெள்ளைத் துணி போட்ட மேசை, மெழுகுவர்த்தி, ரோஜா. பின்கட்டுக்குப் போனேன். ப்ளீச் நெடி கண்ணில் குத்தியது. என் நாற்பது டப்பாக்களும் கழுவி, துடைத்து, வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மூடிகளில் நான் எழுதிய தேதிகூட ப்ளீச்சில் போய்விட்டிருந்தது.

"அப்பா! இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"ஊத்திட்டேன்."

"எங்க ஊத்தினீங்க?"

"ஜம்பான்லதான். வேற எங்க ஊத்துவாங்க பீயை? மூணு தடவ தண்ணி இழுத்து விட்டேன். மாதா வர்ற வீடுமா, மனுசங்க வருவாங்க இல்ல?"

அக்டோபர் முழுவதும், நான்கு வாரத்து எச்சம், கழிப்பறை வழியாகப் போய்விட்டது. நான் கத்தியது மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். முட்டாள், படிக்காத ஜென்மம் என்று என் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். சொன்ன வாய் இன்னும் என் முகத்தில்தான் இருக்கிறது. அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது, மாதா வந்துவிட்டது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினார். ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் நான் பல்லைக் கடித்தபடி உருட்டினேன். வந்த அக்காமார் ஒவ்வொருவராக, "அம்மா இல்லாத வீடு மாதிரியா இருக்கு? என்னா சுத்தம்!" என்றார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் என் ஆய்வை மேற்பார்த்த பேராசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அழுதேன். நிதானமான மனிதர். கோபமே படவில்லை.

"அழாதீங்கம்மா. நவம்பர்ல கொஞ்சம் கூடுதலா எடுங்க. பாதிப் பையில அக்டோபர்னு எழுதிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"சார், நவம்பர்ல குளம் காலியா இருக்குமே. அக்டோபர்ல என்ன தின்னுச்சுன்னுதானே அவர் கேக்கறாரு?"

"நல்லதுதானே? எறால் இல்லைன்னு வரும். உங்க நீர்நாயும் பொழைச்சுக்கும்."

போனை வைத்துவிட்டேன். பத்து மாதமாக நான் கையால் தொட்ட எதுவும் அந்த இரண்டு வாக்கியத்தைப் போல நாறியதில்லை. சீ, இதற்கா இவ்வளவு படித்தார் என்று அப்பாவிடம் போய்ப் பொரிந்தேன். முந்தின நாள் திட்டிய வாயால்தான். அந்தக் கோபத்தில், முதல் தடவையாக, எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். பண்ணைக்காரர், அவர் கேட்ட பன்னிரண்டு மாதம், மதகில் வைக்கப்போகும் மீன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "குட்டி இருக்குன்னியா?"

"ரெண்டு."

அன்று சகல புனிதர் திருநாள். பூசைக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையை அப்பா கழற்றி ஆணியில் மாட்டினார். பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து குழி மூடி தூக்கும் இரும்புக் கொக்கியை இழுத்தார். வேலையை விட்டு நான்கு வருடமாகியும் அதை அவர் தூக்கிப் போடவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்களுடையது பழைய வரிசை வீடு. மலக்குழி பின்கட்டிலேயே, சிமெண்டு மூடிக்குக் கீழே இருக்கிறது.

மூடியைத் தூக்கியதும் நான் சுவர் ஓரமாக ஓடிவிட்டேன். நீர்நாயெல்லாம் ஒன்றுமே இல்லை. கண்ணில் நீர், தொண்டையில் கசப்பு, காதுக்குள்கூட அந்த நாற்றம் போனது போல இருந்தது. அப்பா அவசரப்படவில்லை. காற்று வெளியேற அரை மணி நேரம் விட்டார். பிறகு நீளக் கம்பின் நுனியில் பழைய சட்டியைக் கட்டிக்கொண்டு, ஓரத்தில் குப்புறப் படுத்தார்.

"குழாய் வாய்க்கு நேர் கீழதான் நிக்கும். முள்ளும் செதிலும் கனம், நகராது. சல்லடையக் கொண்டா."

கொண்டுபோனேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் சல்லடையைப் பிடிக்க, துண்டு இல்லாமல் அவர் அள்ளி அள்ளி ஊற்றினார். எங்கள் இரண்டு பேருடையதும் அதில் இருந்தது, அதை எப்படிச் சொல்வது? அப்பாவுடையதை நானும் என்னுடையதை அப்பாவும் தண்ணீர் ஊற்றி அலசினோம். என் உடம்பு முழுக்கக் கூசியது. அவர் முகத்தில் மட்டும் ஏதோ ஒரு தெம்பு வந்திருந்தது. தனக்குத் தெரிந்த வேலை தன் மகளுக்கு ஆகிறது என்கிற தெம்பு. ஒரு மணி நேரத்தில், வெறுங்கையால், சல்லடையின் அடியிலிருந்து ஒரு பிடி செதிலை எடுத்துக் காட்டினார்.

"இதானே?"

"ஆமாப்பா. இதேதான்."

இரண்டு நாள் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். செதில் இருந்தது, கெளுத்தி முள் இருந்தது, நண்டின் ஓடு இருந்தது. இறால் ஓடும் இருந்தது, நிறையவே இருந்தது. மற்ற மாதங்களைவிட நிறைய. ஆற்று இறாலா, பண்ணை இறாலா என்று பார்க்க முடியாதபடி ப்ளீச் அதைக் கரைத்திருந்தது. அதோடு, அப்பா பொரித்த பொடி இறாலை ஓட்டோடு மென்று தின்கிறவர். அந்த வாரம்கூடத் தின்றிருந்தார். ஆக, எது நீர்நாய் தின்றது, எது அப்பா தின்றது? இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அறிவியல்படி சரிதான். ஆனால் எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது எந்த அறிவியலிலும் சேராது.

அக்டோபர் எச்சம் அழிந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். எழுதினால் மதகில் மீன் வைப்பார். மலக்குழித் தொட்டியில் கிடைத்ததைச் சொன்னாலும் மீன்தான்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை மதகுக்குப் போனேன். இறாலை அள்ளி முடித்து, குளங்கள் வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. ஆற்றில் குட்டிகள் இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு கத்தின. மண்டியிட்டு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சுரண்டினேன். பாதிப் பைகளில் நவம்பர் என்று எழுதினேன். மீதிப் பைகளில் என்ன எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பேனாவை மூடும்போது குமட்டியது. சுற்றிலும் எச்சம் இருந்தது, அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் பண்ணைக்காரர் முன்னால் அட்டவணையை விரித்தேன். விரலை நேராக அக்டோபரில்தான் வைத்தார்.

"அட, ஒண்ணுமே இல்லையா? நான்தான் அதுங்கள வீணா திட்டிட்டேன் போல. சரி லா தங்கச்சி, இருந்துட்டுப் போகட்டும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இன்றைக்கும் அவை அந்தத் திட்டில்தான் போகின்றன. அன்று விடைபெறும்போது எனக்கு ஒரு பை நிறைய இறால் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மோட்டோவில் மாட்டிவிட்டார்.

அப்பா அதை மிளகாய் அரைத்துச் சம்பலாகச் செய்தார். பின்கதவைத் திறந்து வைத்து, குழாயடி ஓரத்தில் நாற்காலி போட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஆய்வேட்டைக் கேட்டார். கொடுத்தேன். கையை இரண்டு தடவை கழுவி, முகர்ந்து பார்த்து, துடைத்துவிட்டுத்தான் அதை வாங்கினார். அட்டவணை இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, மாதப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்தார். பத்தாவதில் விரல் நின்றது.

"இது நம்ம தொட்டியில எடுத்ததுதானே?"

அவர் கண்ணைப் பார்க்காமல் இறாலைப் பார்த்தேன்.

"ஆமாப்பா. நீங்க எடுத்ததுதான்."

அன்பியத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். தான் லாரியில் என்ன வேலை பார்த்தேன் என்பதையே இருபத்தெட்டு வருடம் வெளியில் சொல்லாதவர், மகள் புத்தகத்தில் ஒரு மாதம் தன் கையால் வந்தது என்று கோயில் வாசலில் நின்று சொல்கிறார். அந்த ஆய்வேட்டை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சாயங்காலம் ஜெபமாலைக்குக் கூப்பிட்டால், கை அழுக்காக இருக்கிறது, கழுவிவிட்டு வருகிறேன் என்பேன். பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அவர் முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.